அம்மன் ஏறிய மாவு வண்டி

பழுது பார்ப்பதில் விதி ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் விளக்கவுரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றியவனுக்கு, வண்டி ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது. நின்றாலும் ஏன் நின்றது என்று தெரியாது.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பராமரிப்பு நடைமுறைகளை எழுதும் பிரிவில் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. இந்த விதியை எத்தனை கையேடுகளில் எழுதி, அடிக்கோடிட்டு, கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. (எழுதியதோடு சரி. ஸ்பேனரைப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள்.) அப்பேர்ப்பட்ட நான், ஒரு விஜயதசமி அன்று, வங்காளத்தில் டாக்குரியா என்ற எங்கள் பேட்டைக்கும் கங்கைக் கரைக்கும் நடுவே, சாட்சாத் துர்க்கையம்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விதியை மீறினேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் மீறினேன். மீறுகிறோம் என்பதே தெரியாமல் மீறினேன்!

எங்கள் டாக்குரியா அடுக்குமாடி வளாகத்து துர்கா பூஜை சின்னதுதான். ஆனால் பதவிகளுக்குப் பஞ்சமில்லை. பூ வாங்க ஒருவர், பழம் நறுக்க ஒரு குழு, மழை வந்தால் குடை பிடிக்க ஒருவர் (மழை வராவிட்டாலும் அவர் பதவியில் நீடிப்பார்). எனக்கு மட்டும் அத்தனை வருஷமும் ஒன்றும் கிடையாது. நன்கொடை கொடுப்பேன், கிச்சடிப் பிரசாதம் சாப்பிடுவேன், பரிசளிப்பில் கைதட்டுவேன். மாடியில் குடியிருக்கும் மெட்ராஸ்காரர் என்பதற்கு மேல் அங்கே எனக்கு அடையாளம் இல்லை. என் ஓய்வு வாழ்க்கையின் பெரிய ஏக்கமே அந்தப் பதவிப் பட்டியலில் என் பெயர் ஒருமுறையாவது வரவேண்டும் என்பதுதான். வெளியில் சொல்லவில்லை. சொல்லாமலே என் மனைவி வசந்தாவுக்குத் தெரியும்.

அந்த வருஷம் அஷ்டமியன்று பூஜைக் கமிட்டிச் செயலாளர் தபன்தா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அம்மனைக் கரைக்கக் கொண்டுபோகும் லாரிக்காரன் வேறொரு பெரிய பூஜைக்குப் போய்விட்டானாம்.

"ஷங்கர்தா, உங்க மச்சான்கிட்ட ஒரு பிக்கப் வண்டி இருக்கில்ல?" (வங்காளத்தில் கேட்டார். 'தா' என்றால் அண்ணன். சங்கரலிங்கம் என்ற என் பெயரில் லிங்கத்தை இந்த ஊர் என்றோ உதிர்த்துவிட்டது.)

இருந்தது. வசந்தாவின் தம்பி சந்துரு பவானிபூரில் இட்லி மாவு அரைத்து ஊரெங்கும் கடைகளுக்குப் போடுகிறான். அவனுடையது பழைய பெட்ரோல் பிக்கப். கார்புரேட்டர் வைத்த காலத்து வண்டி. தொழிலுக்கு ஓடும் வண்டிகள் பதினைந்து வயதில் இந்த ஊரைவிட்டுப் போயாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. அறுபதில் ஓய்வு பெற்றவனுக்கும் பதினைந்தில் ஓய்வு பெறப்போகிறதற்கும் ஒரு தோழமை உண்டல்லவா! பெட்ரோல் முள் பல வருஷங்களாக காலியிலேயே படுத்திருந்தது. டேங்க் மூடியைத் திறந்து, ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். வண்டி முழுக்கப் புளித்த மாவின் வாசனை.

"வாகனப் பொறுப்பு முழுக்க உங்களுக்கு," என்றார் தபன்தா. பெயர்ப் பலகையில் என் பெயர் ஏறியது. வங்காள எழுத்தில், குடைக்காரருக்கு மேலே!

மறுநாள் நவமி. நமக்கு ஆயுத பூஜை. டேங்க்கை நிரப்பச் சொன்னேன். (நீண்ட பயணத்துக்கு முன் டேங்க் நிறைந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. டாக்குரியாவிலிருந்து கங்கைக் கரை அப்படியொன்றும் நீண்ட பயணமில்லை என்பது வேறு விஷயம்.) பிறகு சந்தனக் கட்டையும் கல்லுமாக உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தான், போன மாசந்தானே விஸ்வகர்மா பூஜை போட்டோம்? மாலை, தேங்கா எல்லாம் ஆயிட்டுல்லா. திரும்பவும் எதுக்கு?" என்றான் சந்துரு.

"அது இந்த ஊர் நடைமுறை. இது நம்ம ஊர் நடைமுறை. அம்மன் ஏறுற வண்டிடா. ரெண்டும் வேணும்."

"சந்தனத்தக் கொஞ்சம் தண்ணியா விடுங்களேன். களிமண்ணு கணக்கா இருக்கு," என்றாள் வசந்தா.

"தண்ணியா இருந்தா வழிஞ்சிரும். வழிஞ்ச பொட்டு பொட்டே இல்ல."

ஹெட்லைட், ஸ்டியரிங், பேட்டரி, நான்கு சக்கரம், டூல் பாக்ஸில் இருந்த ஒவ்வொரு ஸ்பேனர், எதையும் விடவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியின் நட்டநடுவில் ஏற்கெனவே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. மையம் தேடும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, அங்கே பெரியதாக ஒரு பொட்டை அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் காலையில் புனர்பூஜை செய்து தொட்டுப் பார்த்தபோது எல்லாப் பொட்டும் சிமெண்டாக இறுகியிருந்தது. நான் பெருமைப்பட்டேன்.

தசமி பிற்பகல். பெண்கள் அம்மனுக்கு வெற்றிலையால் முகம் துடைத்து, இனிப்பு ஊட்டி, ஒருவருக்கொருவர் குங்குமம் பூசி விடைகொடுத்தார்கள். வசந்தாவும் அந்த வருஷம் முதல்முறையாக அவர்களோடு நின்றாள். கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதவியில் இருந்ததால் அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை.

அம்மனை வண்டியில் ஏற்றும்போது தபன்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஷங்கர்தா, இருட்டறதுக்குள்ள கரையில இருக்கணும். அப்புறம் பெரிய பூஜைகளோட லாரி வந்துரும், நம்மள உள்ள விட மாட்டாங்க. விடைகொடுத்து அனுப்பின அம்மா திரும்பி வந்தா, அதுக்கப்புறம் என் முகத்தை யாருக்கும் காட்ட முடியாது."

"என் பொறுப்பு," என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் அந்த இரண்டு சொற்களை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.

"போலோ துர்கா மாயி கீ!" "ஜய்!" என்ற கோஷத்தோடு கிளம்பினோம். ஓட்டியது சந்துரு. பக்கத்தில் மடியில் டூல் பாக்ஸோடு நான். பின்னால் அம்மன், தபன்தா, டாக் மேளக்காரர், கமிட்டியார். அதற்கும் பின்னால் ஓர் ஆட்டோவில் வசந்தாவும் மற்றப் பெண்களும். வண்டி பூவாக ஓடியது. டாக்குரியா பாலம் ஏறி இறங்கியதும், யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல் இரண்டு முறை விக்கி, நின்றது.

சந்துரு சாவியைத் திருகினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு அப்போது கவலை வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது! எத்தனை வருஷம் காகிதத்தில் மட்டுமே பழுது பார்த்தவன்! இதோ நிஜ எஞ்சின், நிஜப் பழுது!

"யாரும் எதையும் தொடக் கூடாது," என்று இறங்கினேன். "முதல் படி: எரிபொருள் இருக்கிறதா?" டேங்க் மூடியைத் திறந்தேன். பொட்டு கலைந்துவிடாதபடி விளிம்பை மட்டும் பிடித்து, பதமாகத் திறந்தேன். 'புஸ்' என்றது. ஈர்க்குச்சியை விட்டேன், நிறைய இருந்தது. மூடினேன். "இரண்டாம் படி: தீப்பொறி." ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். கறுப்பாகக் கரி. ஆஹா! வேட்டி நுனியால் துடைத்து மாட்டினேன். சந்துரு சாவியைத் திருகினான். ஒரே திருகலில் கிர்ரென்று பிடித்துக்கொண்டது!

"பிளக்," என்றேன், தபன்தாவை நிமிர்ந்து பார்த்து. அவர் அம்மனைக் கும்பிட்டார். நான் என்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை நின்றது கரியாஹாட் நாற்சந்தியின் நட்டநடுவில். நான்கு பக்கமும் ஜனக்கடல். வண்டி நின்றால் ஆடுவதற்காக நின்றிருக்கிறது என்பது மேளக்காரரின் கணக்கு. அவர் வெளுத்துக் கட்டினார். கமிட்டியார் குதித்து இறங்கி ஆட, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து ஆட, நடைபாதைக் கடைக்காரர்கள் கைதட்ட, போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலைக் கடித்துத் துப்பிவிடுவார்போல ஊத, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டேன்.

"அத்தான், பெட்ரோல் வரலை போல," என்றான் சந்துரு.

"வரிசைப்படி போவோம். முதல் படி முதல் படிதான்." மூடியைத் திறந்தேன். 'புஸ்'. குச்சி. இருக்கிறது. மூடினேன். பிறகு பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி வாயால் ஊதினேன். நாக்கெல்லாம் பெட்ரோல். மாட்டினேன். வண்டி பிடித்தது!

"ஃபில்டர்!" என்று கூவினேன். கூட்டம் ஆரவாரித்தது. யாரோ என் வாயில் ஒரு சந்தேஷ் இனிப்பைத் திணித்தார்கள். பெட்ரோலும் பாலும் கலந்த அந்த ருசியை இன்றும் மறக்க முடியவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. மூன்றாம் முறை பவானிபூரில், சந்துருவின் மாவுக் கடைக்கு நேர் எதிரில் நின்றது. அவனுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"நம்ம ஊர்ல விஜயதசமிக்குத்தான் எதையும் புதுசா ஆரம்பிப்பாங்க," என்றான் சந்துரு. "இது நிக்கிறதுக்கு ஆரம்பிச்சிட்டு."

"இது கார்புரேட்டர்தான்," என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆசையில்! அவசரத்தில் டேங்க் மூடியை அப்புறமாகத்தான் திறந்தேன். முதலில் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்க் நிறைய, கிண்ணம் காலி! பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வு மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நானே எழுதிய கையேட்டின் படம் கண்முன் வந்தது. வால்வு, மிதவை, மெயின் ஜெட் என்று பிரித்துப் பிரித்து அடுக்கினேன். அடுக்க இடமில்லாததால் வண்டிப் பலகையில் இருந்த ஒரு தட்டில் வைத்தேன். தசமிக்காகப் பெண்கள் கொடுத்தனுப்பிய தட்டு; வெல்லப்பாகில் பிடித்த தேங்காய் உருண்டைகள் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தன. 'நாடு' என்பார்கள். நல்ல பிசுபிசுப்பு.

எல்லாவற்றையும் ஊதித் துடைத்து மாட்டப் போனால் மெயின் ஜெட்டைக் காணோம். நெல்மணி அளவுப் பித்தளைத் துண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு. நானும் சந்துருவும் தெருவில் தவழ்ந்தோம். மேளம் நிற்கவில்லை.

அப்போது வண்டியின் மேலிருந்து ஓர் அலறல். தபன்தா! கவலையில் அவருக்குப் பசி எடுத்திருக்கிறது. தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். தாடையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் துப்பினார். வெல்லம், தேங்காய், முன்பல்லின் ஒரு துண்டு, மெயின் ஜெட்.

"கிடைச்சிட்டு!" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

தபன்தா ஜெட்டை என்னிடம் நீட்டிவிட்டு, பல் துண்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஜெட்டை ஊதி, வேட்டியில் துடைத்து மாட்டினேன். விட்டுப்போன முதல் படி நினைவு வர, ஒழுங்காக டேங்க் மூடியைத் திறந்து, 'புஸ்', குச்சியை விட்டு, மூடினேன். வண்டி சிங்கம்போல் உறுமியது. "ஊசி வால்வு!" என்று அறிவித்தேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

கங்கை தெரியும் தூரம் வந்துவிட்டோம். காற்றில் ஈரம், சாம்பிராணிப் புகை, முன்னால் வரிசையாகச் சின்ன பூஜைகளின் வண்டிகள். பின்னால் திரும்பிப் பார்த்தால், விளக்கும் பேண்டுமாகப் பெரிய பூஜை ஒன்றின் லாரி திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. வண்டி விக்கியது. நின்றது.

எனக்கு முதல்முறையாகக் கவலை வந்தது. தபன்தா மேலே தாடையைக் கையால் பொத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், அதுதான் தாங்கவில்லை. பெரிய லாரிக்காரன் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. "அடுத்தது சூடு," என்றேன். "பெட்ரோல் குழாயிலேயே ஆவியாயிருக்கும். ஈரத்துணி சுத்தணும். யாராவது ஒரு காம்சா துண்டு குடுங்க! கங்கைத் தண்ணி கொண்டுவாங்க!"

ஆட்டோவிலிருந்து வசந்தா இறங்கி வந்தாள்.

"ஏங்க, ஒரு விஷயம்."

"இப்ப வேண்டாம் வசந்தா. நான் சிஸ்டமேட்டிக்கா போயிட்டிருக்கேன்."

"நீங்க எங்க வேணாப் போங்க. அந்த மூடியத் தொறக்கும்போதெல்லாம் வண்டி புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடுது. அதுக்குப் பொறவுதான் ஓடுது. பாலத்துல இருந்து பாத்துக்கிட்டேதான் வாரேன். நீங்க என்னத்தத் தொடச்சாலும், என்னத்த ஊதினாலும், மூடியத் தொறக்காம ஒரு தடவையாவது வண்டி கெளம்பிச்சா?"

"அது வெறும் சரிபார்ப்பு. அது ஒரு படியே இல்ல. அதை யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

"நான் எடுத்துக்கிட்டேன்," என்றாள். நேராகப் போய் மூடியைத் திருகிக் கையில் எடுத்தாள். 'புஸ்!' இந்த முறை ஹார்னையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. "சந்துரு, இப்ப ஸ்டார்ட் பண்ணு."

பிடித்தது. நான் எதையும் துடைக்கவில்லை, ஊதவில்லை, பிரிக்கவில்லை. பிடித்தது!

"மூடாதீங்க. அப்படியே போகட்டும்," என்றாள். டேங்க் வாயில் கைக்குட்டையைத் தளர்வாகச் செருகிவிட்டு, மூடியைக் கையில் ஏந்தி வண்டியோடு நடந்தாள். முகமெல்லாம் குங்குமம், கையில் சந்தனப் பொட்டு வைத்த வட்டத் தகடு. ஆரத்தித் தட்டு என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. மேளக்காரர் அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை.

படித்துறை வாசலில் போலீஸ்காரர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு லேட் ஏன்?" என்றார். தபன்தா வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நான் முன்னால் போய், "முதல் படி, எரிபொருள் இருக்கிறதா என்று..." என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கயிற்றைத் தூக்கிவிட்டார். கேட்பதைவிட விடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மன் கங்கையில் இறங்கினாள். "அடுத்த வருஷம் மறுபடியும் நடக்கும்!" என்று எல்லோரும் வழக்கம்போல் கோஷமிட்டார்கள். சந்துரு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே கோஷமிட்டான்.

கரையில் உட்கார்ந்து வசந்தா கொண்டை ஊசியால் அந்தப் பொட்டைச் சுரண்டினாள். அடியில் இருந்தது புள்ளியில்லை, துளை. பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வருவதற்காக வைத்த துளை. காற்று வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதுவும் டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஆக, பிளக், ஃபில்டர், ஊசி வால்வு என்று மூன்று பழுதுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறேன்; வண்டிக்கு இருந்ததோ ஒரே பழுது. அதையும் நான்தான் என் கையால் அரைத்து அப்பியிருக்கிறேன்.

தபன்தா மூடியை வாங்கித் துளை வழியே கங்கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்! உடைந்த பல் வழியாக விசிலடித்துச் சிரித்தார். கமிட்டி மொத்தமும் படிக்கட்டில் உருண்டது.

அன்றிலிருந்து வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், டிவி ஓடாவிட்டாலும், ஏன், நான் ஏதாவது யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும், "மூடியத் தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்பதற்காகவே வசந்தா அடுக்களையிலிருந்து வருவாள். வளாகத்தில் லிங்கத்தோடு சங்கரும் உதிர்ந்துவிட்டது. இப்போது நான் 'சந்தன்தா'.

ஆனால் நான் நடைமுறை தெரிந்தவன். கமிட்டிக்கு முறைப்படி அறிக்கை அனுப்பினேன்: பழுதின் தன்மை, காரணம், பொறுப்பாளர் (நான்), பரிந்துரை. கடைசிப் பத்தியில், அடுத்த வருஷமும் வாகனப் பொறுப்பை எனக்கே தருமாறு கேட்டிருந்தேன். பதில் இல்லை. பொங்கலுக்கு ஒரு நினைவூட்டல், சித்திரை பிறந்ததும் ஒன்று. பதில் இல்லை. தபன்தா மாடிப்படியில் பார்த்தால், புதிதாகக் கட்டிய பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இதற்குள் மாவு வண்டிக்குப் பதினைந்து முடிந்து, அது ஊரைவிட்டே போய்விட்டது. பெயர்ப் பலகையில் என் பெயருக்கு மேல் வெள்ளையடித்துவிடுவார்கள் என்றே முடிவுகட்டியிருந்தேன்.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும், எல்லா வீட்டு ரேடியோவிலும் அம்மனை அழைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தபன்தாவே ஒரு கவரோடு வந்தார். உள்ளே, கமிட்டியின் முத்திரையோடு:

"தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வாகனப் பொறுப்பு இவ்வாண்டும் தங்களுக்கே. தங்கள் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, அம்மனை இம்முறை மூன்று சக்கர மிதிவண்டியில் அருகிலுள்ள குளத்துக்குக் கொண்டுசெல்லத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. அதற்கு மூடி கிடையாது. சந்தனம் தங்கள் விருப்பம்போல்."

பழக்கதோஷம்; பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, மகாளய அமாவாசை, காலை.